படகில் குடியிருப்பு, மலைநாட்டுப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற டீமேக்கர், அதாவது தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பானவர். இலங்கை மலைநாட்டின் டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்காலத்தைக் கழித்துவிட்டு, இப்போது பாணந்துறைக்கு அருகே பொல்கொட ஏரியில், ஒருவருடைய சொந்தப் படகுத்துறையில் கட்டியிருக்கும் பழைய படகு ஒன்றில் குடியிருக்கிறோம். ஆண்டில் பல தடவை படகைப் பூட்டிவிட்டு மலைநாட்டுக்கு ஏறி வருவோம். வந்தால் கல்யாண வீடு, கோயில் திருவிழா, ஹட்டன் பஸ் நிலையம் என்று எங்கே நின்றாலும் அதே கேள்விகள்தான். ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் தொண்டை மிஞ்சும் என்று பார்க்கிறேன்.

டீச்சர், உங்களுக்கு வீடு இல்லையா?

இல்லை. தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. ஸ்டாப் குவாட்டர்ஸ் வேலையோடு வருவது, வேலையோடு போவது. நாங்கள் ரோஜாச்செடி வைத்தோம், சுவருக்குப் பெயின்ட் அடித்தோம், பிள்ளைகளை அங்கேயே வளர்த்தோம். ஆனால் அந்த வீடு ஒரு நாளும் எங்களுடையதாக இருந்ததில்லை. வேலை முடியும்போது அவருக்குக் கையில் வந்தது சேமலாப நிதி, நம்பிக்கைப் பொறுப்பு நிதி, சேவைக்காலப் பணம். எனக்கு அரசாங்க ஓய்வூதியம் உண்டு. அந்தப் பணத்தில் ஹட்டனில் காணி பார்த்தோம். நல்ல காணி விலைக்கு எட்டவில்லை. விலைக்கு எட்டிய காணி சரிவில் தொங்கியது. அந்த நேரத்தில் மொரட்டுவையில் படகு செய்யும் இடமொன்றில் வேலை பார்த்த உறவுக்காரப் பையன், சுற்றுலாவுக்கு ஓடி ஓய்ந்த பைபர் படகு ஒன்று விலைக்கு வந்திருப்பதாகச் சொன்னான். அவர் போய்ப் பார்த்தார். இஞ்சினைக் கண்டதும் அவர் முகம் போன போக்கை நான் பார்த்துவிட்டேன். அப்புறம் பேச்சு எதற்கு?

படகில் இரண்டு பேர் வாழ இடம் போதுமா?

36 அடி நீளம், நடுவில் 11 அடி அகலம். முன்னால் படுக்கை, நடுவில் மேசையும் அடுப்பும், பின்னால் இஞ்சினுக்கு மேல் திறந்த தட்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு அறையில்) எட்டுப் பேராகப் படுத்து வளர்ந்தவர் அவர். எங்கள் மக்களில் யாருக்குமே இது சின்ன இடம் என்று சொல்ல வாய் வராது. ஒரு பொருள் உள்ளே வந்தால் ஒரு பொருள் வெளியே போகவேண்டும் என்பது மட்டும்தான் சட்டம். என் புத்தகங்களில் பெரும்பகுதி ஹட்டனில் மகள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. மலைக்கு வர அதுவும் ஒரு காரணம்.

படகை ஓட்டுவீர்களா?

அபூர்வமாக. மாதத்தில் ஓரிரு தடவை இஞ்சினைச் சூடாக்குவதற்காக ஏரியில் ஒரு சுற்று, அவ்வளவுதான். கடலுக்குப் போவதில்லை. கட்டிப்போட்ட படகில் வாழ்வது கடற்பயணம் அல்ல; சதா ஈரத்தில் நிற்கும் ஒரு சின்ன வீட்டைக் காய வைத்துக்கொண்டே இருக்கும் வேலை.

கரண்ட், தண்ணீர், கக்கூசு?

கரண்ட் துறையிலிருந்து கேபிளில் வருகிறது, தனி மீட்டர். அது போனால் கூரையில் சோலார் தகடு, கீழே பற்றரி. விளக்கும் காற்றாடியும் பற்றரியிலேயே ஓடும். தண்ணீர் குழாயில் பிடித்துத் தொட்டியில் நிரப்புவோம். கக்கூசு, குளியல் இரண்டுக்கும் துறையில் கட்டிய அறை இருக்கிறது. படகுக்குள் இரவு நேரத்துக்கு மட்டும் ஒரு கசெட் கக்கூசு, கழிவுப் பெட்டியைக் கழற்றி எடுக்கும் வகை. அதைக் கரையில்தான் கொட்டிக் கழுவுகிறோம். ஏரிக்குள் எதையும் விடுவதில்லை. மீன் பிடித்துப் பிழைக்கிறவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், நாமும் அந்த மீனைத்தான் வாங்கித் தின்கிறோம்.

படகுக்குள் கேஸ் அடுப்பு ஆபத்தில்லையா?

ஆபத்துத்தான், விளையாட்டில்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு வழியாக ஓரளவு வெளியே போய்விடும். படகில் கசிந்தால் அடித்தட்டில் போய்த் தேங்கி நிற்கும், ஒரு சுவிட்சின் பொறி போதும். அதனால் சிலிண்டர் வெளியே, பின்தட்டில், அடியில் ஓட்டை வைத்த பெட்டியில் இருக்கிறது. கசிந்தாலும் ஓட்டை வழியாக வெளியே இறங்கிவிடும். சமைத்து முடிந்ததும் அடுப்புத் திருகை மட்டுமல்ல, சிலிண்டர் வாயையும் மூடவேண்டும். கருவாடு பொரிப்பது கரையில் மட்டும். அது ஆபத்துக்காக அல்ல, மெத்தைக்காக.

முதலை இருக்கிறதாமே?

இருக்கிறது. இருட்டில் தண்ணீருக்குள் கால் வைப்பதில்லை, மீன் கழுவிய தண்ணீரைப் படகோரம் ஊற்றுவதில்லை. பேரப்பிள்ளைகள் வந்தால் தட்டில் ஏறும் முன்பே மிதவை அங்கி போடவேண்டும். உண்மையில் எனக்கு முதலையைவிட டெங்கு நுளம்புக்குத்தான் பயம்.

மலைக்கு வரும்போது படகை அப்படியே விட்டுவிட்டா வருகிறீர்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல விருப்பம், ஏனென்றால் யாரும் சரியாகக் கேட்பதில்லை. திருடன் வரமாட்டானா என்று கேட்பார்கள். கட்டி நிற்கும் படகுக்குத் திருடனைவிடப் பெரிய எதிரி தண்ணீர், அதுவும் சின்னத் துவாரம் வழியாக மெதுவாக வரும் தண்ணீர்.

படகின் அடியில் துவாரங்கள் உண்டு. இஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் எடுக்க ஒன்று, பாத்திரம் கழுவிய தண்ணீர் போக ஒன்று, இப்படி. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வ். ரப்பர் குழாய் ஒன்று வெடித்தால் போதும், நாம் ஹட்டனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது படகு ஏரியின் அடியில் இருக்கும். அதனால் புறப்படும் காலையில் அவர் ஒவ்வொரு வால்வாக மூடி, மூடியதை எனக்குச் சத்தமாகச் சொல்வார், நான் கொப்பியில் அடையாளம் இடுவேன். தட்டில் விழும் மழைத்தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் மூடக்கூடாது. அவற்றில் இலை அடைத்தால் மழைத்தண்ணீரே படகை நிரப்பிவிடும்.

அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்தால் தானாக ஓடும் பம்ப் ஒன்று இருக்கிறது. அதன் மிதவையைக் கையால் தூக்கி, ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். அது பற்றரியில் ஓடுவது, பற்றரிக்குச் சோலார் சார்ஜ் கொடுக்கும். கரைக் கரண்டைக் கழற்றிவிட்டுத்தான் வருவோம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் பொல்லாதது என்பது ஒரு காரணம். கேபிள் வழியாக மின்சாரம் கசிந்தால் தண்ணீருக்கு அடியில் இருக்கும் உலோகம் அரித்துப் போகும் என்பது மற்றது. புரொபெல்லர் தண்டில் ஒரு துத்தநாகக் கட்டி பூட்டியிருப்பார்கள். அரிப்பு முதலில் அதைத் தின்னும், புரொபெல்லர் தப்பும். கட்டி பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

பிறகு கயிறு. இலங்கைக் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு, ஏரிக்குள் அதுவும் தெரியாது. ஆனால் கனமழை பெய்தால் பொல்கொட ஏரி மளமளவென்று ஏறும். கயிற்றை இறுக்கிக் கட்டினால் படகு தூக்கிக்கொள்ள முடியாமல் சரியும். தளர விட்டால் துறையில் போய் மோதும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறது, அதை எழுத்தில் சொல்ல முடியாது. கயிறு உரசும் இடத்தில் பழைய தோட்டக் குழாய்த் துண்டைப் பிளந்து மாட்டிவிடுவோம்.

உள்ளே பிரிட்ஜைக் காலி பண்ணிக் கதவைத் திறந்து வைப்பது, மெத்தையை நிமிர்த்தி வைப்பது, அலுமாரிக் கதவு எல்லாவற்றையும் திறந்து விடுவது என் வேலை. இல்லாவிட்டால் திரும்பி வரும்போது சேலையில் பூஞ்சணம் பூத்திருக்கும்.

கடைசியாக, ஆள். பக்கத்தில் இறால் பிடிக்கும் தம்பி ஒருவர் பின்னேரம் வீடு திரும்பும் வழியில் படகைப் பார்த்துவிட்டுப் போவார். பக்கவாட்டில் தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே வீட்டுக்காரர் சிவப்புக் கோடு ஒன்று கீறியிருக்கிறார். கோடு தெரிந்தால் சரி, தண்ணீர் அதைத் தொட்டால் போன் வரும். அந்தத் தம்பிக்கு நாங்கள் கொடுப்பது சம்பளம், உதவிக் கைக்காசு அல்ல. தாமதிக்காமல் கொடுத்துவிட வேண்டும்.

எந்த மாதங்களில் மலைக்கு வருவீர்கள்?

மலைநாடு முழுவதற்கும் ஒரே மழைக்காலம் என்று கீழ்நாட்டார் நினைக்கிறார்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் வந்து முட்டும். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா எல்லாம் நனைந்து கிடக்கும். அதே நாட்களில் முகட்டுக்கு அந்தப் பக்கம், பண்டாரவளை, ஹப்புத்தளை இருக்கும் ஊவாவில், காய்ந்த காற்று வீசும். ரயிலில் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையில் பாதை 1,898 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. அங்கே ஒரு சுரங்கம். இந்தப் பக்கம் மூடுபனிக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெயிலில் வெளியே வந்த நாட்கள் உண்டு. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நிலைமை மாறும். ஊவாப் பக்கம் மழை பிடிக்கும்.

ஆகவே எங்கள் கணக்கு எளிது. ஜனவரி முதல் மார்ச் வரை ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை. ஜூலை முதல் செப்டம்பர் வரை பண்டாரவளை, ஹப்புத்தளை. இந்தக் கணக்கு மழைக்காகப் போட்டது என்று நான் சொல்வேன். அவர் கேட்டால் தேயிலைக்காக என்பார். குளிர்ந்த இரவும் காய்ந்த பகலும் சேரும்போது கொழுந்து மெதுவாக வளர்ந்து வாசம் ஏறும். ஹட்டன், தலவாக்கலை அடங்கிய திம்புளைப் பக்கத்துக்கு அது ஆண்டின் முதல் மூன்று மாதம், ஊவாவுக்கு ஜூலை தொடங்கி. ஊவாவின் அந்தக் காலத் தேயிலையில் புதினாப் போல ஒரு குளிர்ச்சி நாக்கில் ஏறும். ஓய்வு பெற்ற டீமேக்கருக்கு அதைவிட வேறென்ன பயணக் காரணம் வேண்டும்? போகும் இடத்தில் தெரிந்த தொழிற்சாலை இருந்தால் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி, இன்றைக்குக் கொழுந்து வாட்டல் கூடிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். உள்ளே இருப்பவர்கள் பழைய மரியாதைக்குச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஏப்ரலில் நுவரெலியாப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. வசந்தகால விழாக் கூட்டத்தில் அறை வாடகையும் வாகன நெரிசலும் ஒன்றோடொன்று போட்டி போடும்.

ரயிலா, பஸ்ஸா?

ஹட்டன் மட்டும் என்றால் பஸ் சுருக்கம்: அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழி. ஆனால் கினிகத்தேனை ஏற்றத்து வளைவுகளில் எனக்கு வயிறு நிற்காது. அதனால் ரயில்தான்: பாணந்துறையிலிருந்து கரையோர வண்டியில் கொழும்புக் கோட்டை, அங்கிருந்து பொடி மெனிக்கே அல்லது உடரட்ட மெனிக்கே என்ற மலைநாட்டு ரயில். ஒதுக்கிய ஆசனம் கிடைக்க முந்திக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பயணிகள் எல்ல வரைக்கும் அள்ளிப் போய்விடுகிறார்கள். வயதானவர்களுக்கு ஒரு விஷயம்: சில மலை நிலையங்களில் மேடை தாழ்வு, வண்டிப் படி உயரம். பையைத் தோளில் மாட்டுங்கள், இரண்டு கையும் கம்பிக்கு வேண்டும்.

நாவலப்பிட்டிக்கு 1874இல் வந்த பாதை, நானுஓயாவுக்கு 1885இல் ஏறி, பண்டாரவளையை 1894இல் தொட்டு, பதுளையை அடைய 1924 ஆனது. கோப்பியிலும் தேயிலையிலும் காசு பார்த்தவர்கள் போட்ட பாதை. கல் உடைத்தவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று எந்த நிலையத்துப் பலகையிலும் எழுதியிருக்காது.

மண்சரிவுக்குப் பயமில்லையா? போன புயலுக்குப் பிறகுமா?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைக் கிழித்துப் போட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். வீதியும் ரயில் பாதையும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. அதனால் பாதை எதுவரை திறந்திருக்கிறது என்று நிலையத்தில் கேட்காமல் கிளம்புவதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேச செயலகப் பிரிவு வாரியாக விடுகிறது. போகிற பிரிவுக்குச் செம்மஞ்சள் இருந்தாலே பயணம் தள்ளிப் போகும், தீபாவளியாக இருந்தாலும்.

தண்ணீரில் இருக்கிறீர்களே பயமில்லையா என்று எங்களைக் கேட்கும் சொந்தக்காரர்கள் சிலருடைய வீட்டுக்குப் பின்னால் மண் மேடு செங்குத்தாக நிற்கிறது. அதைச் சொன்னால் கோபம் வருகிறது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள்.

எங்கே தங்குவீர்கள்?

ஹட்டனில் மகள் வீடு. பண்டாரவளையில் என்னோடு படிப்பித்த ஒரு டீச்சரின் வீட்டுப் பின்னறை. இரண்டு இடத்திலும் மூன்றாவது வாரத்துக்கு முன்பே கிளம்பிவிடுவோம். விருந்தாளி என்ற பெயர் இருக்கும்போதே போவது நல்லது.

குளிர் ஒத்துக்கொள்கிறதா?

பிறந்த குளிர்தானே என்று நினைத்து ஏறக்கூடாது. கரையோரச் சூட்டில் சில மாதம் இருந்தாலே உடம்பு மறந்துவிடுகிறது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும். கம்பளி மேலாடை, காதுத்தொப்பி, காலுறை. அட்டைக்கு உப்புப் பொட்டலம். முழங்கால் நோவுக்காரர்கள் சிவனொளிபாத மலையை அடிவாரத்திலிருந்தே கும்பிடலாம். அவர் அடிவாரத்து நல்லதண்ணி ஊரில் நின்று அப்படித்தான் செய்கிறார்.

வரும்போது என்ன கொண்டுவருவீர்கள், போகும்போது என்ன?

ஏறும்போது கருவாடு, காய்ந்த இறால். இறங்கும்போது லீக்ஸ், கரட், கோவா, போஞ்சி, மகள் கட்டித் தரும் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் (இது கோட்டை தாண்டாது), அப்புறம் தேயிலை. படகில் தேயிலையைக் காப்பாற்றுவது பெரும்பாடு. தேயிலை உலர்த்தும் டிரையரிலிருந்து வெளியே வரும்போது அதில் ஈரம் ஏறத்தாழ 3 சதவீதம்தான், வெளியே வந்ததும் ஈரத்தையும் பக்கத்து வாசனையையும் குடிக்கத் தொடங்கும். டீசல் மணக்கும் இடத்தில் பொட்டலத்தைப் பிரித்து வைத்தால் சாயத்தண்ணியில் டீசல் வரும். இறுக்கி மூடும் தகரத்தில், சின்னச் சின்ன அளவாக. பெரிய பொட்டலம் ஹட்டனிலேயே இருக்கட்டும்.

திடீரென்று நோய் வந்தால்?

கீழே பாணந்துறை ஆஸ்பத்திரி பக்கம். மேலே வந்தால் டிக்கோயா ஆதார வைத்தியசாலை; இந்திய உதவியில் கட்டி 2017இல் திறந்த கட்டடம். கிளினிக் கொப்பியும் மருந்துச் சீட்டும் எப்போதும் கைப்பையில், பெரிய பெட்டியில் அல்ல. நாள் மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்ததை வாங்கிவிட வேண்டும், பாதை மூடும் காலங்களில் இது முக்கியம்.

கடிதம் எங்கே வரும்? வாக்கு?

இரண்டுக்கும் மகள் வீட்டு விலாசம். தோட்ட ஆபீசுக்கு வரும் கடிதக் கட்டில் தேடிப் பொறுக்கி வளர்ந்தவர்கள் நாங்கள். லயத்துக்குத் தனி விலாசம் கேட்டு மலையக மக்கள் எவ்வளவு காலம் குரல் கொடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். படகுக்கு விலாசம் இல்லை என்பது எங்களை உறுத்தவில்லை.

செலவு?

வீட்டு வாடகையைவிடக் குறைவு என்று நினைத்து வராதீர்கள். துறைக்கு மாத வாடகை, கரண்ட், கேஸ் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், படகைக் கரையேற்றி அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் செலவு. படகுக்காரர்கள் பேச்சில் ஒரு கணக்கு உண்டு: வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் எடுத்து வை. இஞ்சின் வேலையை அவரே செய்வதால் எங்களுக்குக் கொஞ்சம் மிச்சம். டிரையரையும் ரோலரையும் ஜெனரேட்டரையும் இரவிரவாகக் கட்டி மேய்த்தவருக்கு ஒரு டீசல் இஞ்சின் பெரிய விஷயமில்லை. கை வேலை தெரியாதவர் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

இரண்டு பேரும் சண்டை பிடித்தால் எங்கே போவீர்கள்?

அவர் இஞ்சின் அறைக்கு. நான் துறைக்கு. பெரிய சண்டை என்றால் நான் ஹட்டனுக்கு.

எங்களுக்கும் ஒரு படகு பார்த்துத் தருவீர்களா?

மாட்டோம், ஆனால் பார்க்கும் முறையைச் சொல்கிறோம். முதலில் துறையைத் தேடுங்கள். கட்ட இடமில்லாத படகு தலைவலி. துறைக்காரரோடு பேச்சு எழுத்தில் இருக்கட்டும்: மாத வாடகை, கரண்ட், கக்கூசு, இரவில் கேற் திறப்பது யார் என்பது வரை. படகைத் தண்ணீரிலும் பாருங்கள், கரையேற்றியும் பாருங்கள். பைபர் உடம்பைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீர் என்று கேட்கும், உள்ளே ஊறிய இடம் மந்தமாகக் கேட்கும். அடித்தட்டைத் திறந்து முகருங்கள், எண்ணெய் மிதக்கிறதா பாருங்கள். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே முடுக்கிப் பார்க்கவேண்டும். நீங்கள் வரும் முன்பே விற்பவர் அதைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள்.